காஞ்சிக் கயிலாயநாதர் திருக்கோயில்: கல்லில் எழுந்ததும் நெஞ்சில் எழுந்ததும்

முத்தி தரும் நகரங்கள் ஏழனுள் ஒன்றாகப் போற்றப்படுவது காஞ்சி மாநகரம். வேகவதி ஆற்றங்கரையில் விளங்கும் இந்நகரின் கிழக்குப் பகுதியைச் சின்ன காஞ்சிபுரம் என்றும், மேற்குப் பகுதியைப் பெரிய காஞ்சிபுரம் என்றும் வழங்குவர். அத்திகிரி அருளாளராகிய வரதராசப் பெருமாள் எழுந்தருளியிருப்பதால் சின்ன காஞ்சிபுரத்திற்கு விஷ்ணு காஞ்சி என்பது மற்றொரு பெயர். பிருதிவித் தலமாகிய திருவேகம்பம் அமைந்திருப்பதால் பெரிய காஞ்சிபுரம் சிவகாஞ்சி எனப்படுகிறது. ஆயினும் சின்ன காஞ்சிபுரத்திலும் புண்ணியகோடீசுவரர் போன்ற பழம்பெரும் சிவாலயங்கள் உண்டு. பெரிய காஞ்சிபுரத்திலும் திவ்விய தேசங்கள் உண்டு. ஒரே ஊரில் இருபெரும் சமயங்களும் கலந்து வாழ்ந்ததற்கு இதுவே சான்றாகும்.

40 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் அத்திவரதர் வைபவம் 1979-ஆம் ஆண்டிற்குப் பின் 2019-ஆம் ஆண்டில் 48 நாட்கள் நடைபெற்றது. அந்நாட்களில் சின்ன காஞ்சிபுரத்து வீதிகள் அடியார் கூட்டத்தால் நிரம்பி வழிந்ததை நாம் அறிவோம். அவ்வாறு வந்தோருள் பலர் வரதரையும், காமாட்சி அன்னையையும், ஏகாம்பரநாதரையும் தரிசித்து ஊர் திரும்பினர். நகரின் மேற்குக் கோடியில், நெசவாளர் வாழும் பிள்ளையார்பாளையத்தை அடுத்து, அமைதியாக நிற்கும் ஒரு பழங்கோயிலைக் காணாமலே சென்றவர் பலர். 1300 ஆண்டுகளாக நிற்கும் அக்கோயிலே அருள்மிகு கயிலாயநாதர் திருக்கோயில். அதன் வரலாற்றையும், அதனோடு பிணைந்த பூசலார் நாயனாரின் திருக்கதையையும் அன்பர்கள் அறிந்து வணங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோயில் எழுந்த காலம்

இத்திருக்கோயிலை எடுப்பித்தவன் பல்லவப் பேரரசன் இராசசிம்மன். இரண்டாம் நரசிம்மவர்மன் என்பதும் இவன் பெயரே. ஏறத்தாழ கி.பி. 700 முதல் 728 வரை காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு ஆட்சி செய்தவன். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைக் கட்டியவனும் இவனே.

இவனுக்கு முந்தைய தலைமுறைகளில் பல்லவரும் மேலைச் சளுக்கியரும் ஓயாது போரிட்டனர். கி.பி. 642-இல் முதலாம் நரசிம்மவர்மனாகிய மாமல்லனின் படை வாதாபியை வென்றது. பின்னர், முதலாம் விக்கிரமாதித்தன் என்ற சளுக்கிய மன்னன் காஞ்சியைக் கைப்பற்றினான். இராசசிம்மனின் தந்தையாகிய முதலாம் பரமேசுவரவர்மன் பெருவளநல்லூர்ப் போரில் அவனை முறியடித்து நாட்டை மீட்டான். இவ்வாறு தந்தை பெற்றுத் தந்த அமைதியை மைந்தன் கலையாகவும் பக்தியாகவும் மாற்றினான். அதற்குமுன் பல்லவர் கோயில்கள் பெரும்பாலும் மலைகளைக் குடைந்து அமைக்கப்பட்டவை. கல்லை வெட்டியெடுத்து, அடுக்கி, வானளாவக் கோயில் எடுக்கும் கற்றளி முறை இராசசிம்மன் காலத்தில் தழைத்தோங்கியது. காஞ்சியில் இன்று நிற்கும் கற்றளிகளுள் மிகப் பழமையானது கயிலாயநாதர் கோயிலே எனலாம்.

மன்னன் தன் பெயரால் இதற்கு இட்ட பெயர் இராசசிம்மேசுவரம் என்பதாகும். இதன் விமானம் முகில்களைத் தொடுவதாகவும், கயிலையின் அழகைக் கவர்ந்து கொண்டதாகவும் இங்குள்ள வடமொழிக் கல்வெட்டு புகழ்கிறது. கயிலாயநாதர் என்று இறைவனை அழைப்பது எத்துணைப் பொருத்தம் என்பது இதனால் விளங்கும்.

திருக்கோயில் அமைப்பு

கோயில் கிழக்கு நோக்கி அமைந்துள்ளது. கோயிலுக்கு வெளியே, கிழக்கில் சற்றுத் தொலைவில், உயர்ந்த மேடைமீது பெரிய நந்தி இறைவனை நோக்கிப் படுத்திருக்கிறது. அதனைக் கடந்து வரும்போது முதலில் நம்மை எதிர்கொள்வது ஒரு வரிசையாக நிற்கும் சிற்றாலயங்கள். அவற்றுள் ஒன்றனை இராசசிம்மனின் தேவியாகிய அரங்கபதாகை எடுப்பித்தாள் என்பதை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. தன் கணவனுக்கு அவள் பரமேசுவரனுக்கு மலைமகள் போல் உகந்தவள் என்று அக்கல்வெட்டு அவளைப் பாராட்டுகிறது. 1300 ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசி தன் பெயரால் கோயில் எடுத்து, அச்செய்தி கல்லில் பொறிக்கப்பட்டிருப்பது எண்ணி மகிழத்தக்கது. இவ்வரிசைக்கு நடுவே நிற்பது இராசசிம்மனின் மைந்தன் மூன்றாம் மகேந்திரவர்மன் எழுப்பிய மகேந்திரவர்மேசுவரம். தந்தை, தாய், மகன் ஆகிய மூவரும் சேர்ந்து சிவத்தொண்டு செய்த கோயில் இது.

உள்ளே நுழைந்தால் திருச்சுற்று முழுவதும் மதிலை ஒட்டி 58 சிறு சன்னதிகள் மாலைபோல் வரிசையாக அமைந்திருப்பதைக் காணலாம். ஒவ்வொன்றும் ஒரு சிறு கோயில். அவற்றில் சோமாஸ்கந்தர் முதலிய திருவுருவங்கள் உள்ளன. இச்சன்னதிகளின் வெளிப்புறத்தில் மன்னனின் விருதுப் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றின் எண்ணிக்கை 250-க்கும் மேற்படும். ஒரே பெயரை வேறுவேறு எழுத்து வடிவங்களில் பொறித்திருப்பது காண்போர் கண்களுக்கு விருந்தாகும். சங்கரபக்தன், சிவசூடாமணி, ஆகமப்பிரியன், இதிகாசப்பிரியன், வீணாநாரதன் என்பன அவற்றுட் சில. போர்வெற்றியைக் குறிக்கும் பெயர்களும் உண்டு. எனினும் இறைவனுக்கு அடிமை என்பதைத் தன் சிறப்புகளுள் ஒன்றாக இம்மன்னன் எண்ணினான் என்பது கருதத்தக்கது.

நடுவில் விமானம் பல தளங்களுடன் கூர்நுனிக் கோபுரம்போல் உயர்ந்து நிற்கிறது. அதன் பக்கங்களிலும் மூலைகளிலும் சிறு சன்னதிகள் ஒட்டி அமைந்துள்ளன. அடித்தளப் பகுதிகளில் கருங்கல்லையும், அதற்குமேல் மணற்கல்லையும் பயன்படுத்தியுள்ளனர். கனத்தைத் தாங்கக் கருங்கல்; சிற்பம் செதுக்க இணங்கும் மணற்கல். இத்தேர்வில் பல்லவச் சிற்பியரின் அறிவு புலனாகிறது. முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் சிங்கத் தூண்கள் எங்கும் காணப்படுகின்றன. இராசசிம்மன் கட்டிய கோயில் என்பதற்கு அச்சிங்கங்களே அடையாளம் என்பர் ஆய்வாளர்.

சிவபுராணங்களைப் படிக்க அறியாதவரும் இக்கோயிலை வலம் வந்தால் அவற்றைக் கண்ணால் கற்றுக்கொள்ளலாம். தென்திசையில் ஆலமர் செல்வர், முப்புரம் எரிக்க வில்லேந்திய திரிபுராந்தகர், பலிதேரும் பிச்சாடனர், காலை உயரத் தூக்கி ஆடும் ஊர்த்துவ தாண்டவர், அடிமுடி காணவொண்ணா இலிங்கோற்பவர், கயிலையைப் பெயர்க்க முயன்று நசுங்கும் இராவணன். இன்னும் கொற்றவை, திருமகள், எழுவர் அன்னையர் என்று திருவுருவங்கள் நீள்கின்றன.

கருவறையில் கயிலாயநாதர் பதினாறு பட்டைகள் கொண்ட பெரிய இலிங்கத் திருமேனியராக எழுந்தருளியுள்ளார். அவருக்குப் பின்சுவரில் உமையும் கந்தனும் உடனிருக்கும் சோமாஸ்கந்தத் திருவுருவம் புடைப்புச் சிற்பமாக அமைந்துள்ளது. அருவுருவாகிய இலிங்கத்தையும், உருவாகிய சோமாஸ்கந்தரையும் ஒரே நேர்கோட்டில் கண்டு வணங்கும் பேறு இங்கே கிட்டுகிறது.

பிறவிச் சுற்று

கருவறையைச் சுற்றி மிகக் குறுகிய திருச்சுற்று ஒன்று உண்டு. அதன் நுழைவாயிலும் வெளியேறும் வாயிலும் மிகச் சிறியவை. உடலைக் குறுக்கித் தவழ்ந்தே நுழைய வேண்டும். அவ்வாறே வெளிவர வேண்டும். தாயின் கருவில் புகுந்து மீண்டும் பிறப்பதற்கு ஒப்பானது இது என்றும், இதனை வலம் வந்தோர்க்கு மறுபிறவி இல்லை என்றும் அடியவர்கள் நம்பி வருகின்றனர். அரசனாயினும் ஆண்டியாயினும் தலைதாழ்த்தாமல் இதில் புக முடியாது. அகந்தையை விட்டவர்க்கே இறைவனை வலம் வரும் தகுதி உண்டு என்பதை இவ்வாயில் சொல்லாமல் சொல்கிறது.

முதியோர், நோயுற்றோர், கருவுற்ற தாய்மார்கள் இச்சுற்றில் நுழைய முடியவில்லையே என்று வருந்த வேண்டுவதில்லை. இயலாமைக்காக இறைவன் எவரையும் ஒதுக்குவதில்லை என்பதை இத்தலத்தோடு தொடர்புடைய அடியார் ஒருவரின் வரலாறே நமக்குக் காட்டுகிறது. அவ்வரலாற்றை இனிக் காண்போம்.

பூசலார் எடுத்த கோயில்

அறுபத்து மூன்று நாயன்மார்களுள் ஒருவர் பூசலார். தொண்டை நாட்டுத் திருநின்றவூரில் மறையவர் குலத்தில் தோன்றியவர். சுந்தரமூர்த்தி சுவாமிகள் தம் திருத்தொண்டத் தொகையில் இவரைப் போற்றியுள்ளார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் இவர் வரலாற்றைத் திருத்தொண்டர் புராணத்தில் விரித்துரைத்தார்.

சிவபெருமானுக்கு ஒரு கோயில் எடுக்க வேண்டும் என்பது பூசலாரின் பெருவேட்கை. கையிலோ பொருள் இல்லை. பலரிடம் சென்று கேட்டார், எங்கும் கிடைக்கவில்லை. பொருள் கிடைக்காதவர் பொதுவாக எண்ணத்தைக் கைவிடுவர். பூசலாரோ எண்ணத்தையே பொருளாக்கிக் கொண்டார். கோயிலுக்கு வேண்டிய செல்வத்தைச் சிறிது சிறிதாக மனத்தில் சேர்த்தார். கல்லும் மரமும் பிறவும் மனத்தில் கொணர்ந்தார். தச்சரை மனத்தில் வருவித்தார். நல்ல நாளில் அடிக்கல் நாட்டினார். இரவிலும் உறங்காது அடித்தளம் முதல் சிகரம் வரை அளவு பிறழாமல் எழுப்பினார். தூபி நட்டார், சுதை தீட்டினார், கிணறு தோண்டினார், மதில் எடுத்தார், குளமும் தொட்டார். நெடுநாள் உழைத்து முடித்தபின், இறைவனை எழுந்தருளச் செய்யக் குடமுழுக்கு நாளையும் குறித்தார்.

இதே காலத்தில் காடவர் கோமானாகிய பல்லவ மன்னன் காஞ்சியில் பெரும் பொருள் செலவிட்டுக் கற்றளி ஒன்றை எழுப்பி முடித்திருந்தான். அவனும் அதே நாளையே குடமுழுக்கிற்குக் குறித்திருந்தான். முந்திய இரவில் இறைவன் அவன் கனவில் தோன்றினார். திருநின்றவூரில் பூசல் என்னும் அன்பன் நெடுநாள் நினைந்து நினைந்து அமைத்த ஆலயத்துள் நாளை நாம் புகுகின்றோம். நீ உன் விழாவைப் பிறிதொரு நாளில் வைத்துக்கொள்வாயாக என்று அருளி மறைந்தார்.

மன்னன் திடுக்கிட்டு எழுந்தான். தன் கோயிலினும் பெரிய கோயிலைக் கட்டிய அந்தச் செல்வர் யார் என்று காணும் ஆவலோடு திருநின்றவூரை அடைந்தான். ஊரார் எவருக்கும் அப்படி ஒரு கோயில் தெரியவில்லை. பூசலாரை வரவழைத்துக் கேட்டான் என்று சொல்வதற்கில்லை. மன்னன் தானே அவர் இருக்கும் இடம் தேடிச் சென்றான் என்பது கருதத்தக்கது. தாங்கள் கட்டிய கோயில் எங்குள்ளது, இன்று அங்கு இறைவன் எழுந்தருளும் நாள் என்று அறிந்து வணங்க வந்தேன் என்றான். பூசலார் மருண்டார். ஒரு பொருளும் இல்லாத தம்மையும் இறைவன் ஒரு பொருளாக மதித்தாரே என்று உருகினார். தாம் மனத்தினால் எடுத்த கோயில் நிகழ்ந்த வகையை எடுத்துரைத்தார். மன்னன் அவர் அடிகளில் மாலையும் முடியும் மண்ணில் தோய வீழ்ந்து வணங்கிக் காஞ்சிக்கு மீண்டான். பூசலார் தாம் குறித்த நல்வேளையில் பெருமானைத் தம் நெஞ்சக் கோயிலில் எழுந்தருளச் செய்து, வாழ்நாள் முழுவதும் பூசித்து இறைவன் திருவடி சேர்ந்தார். திருநின்றவூரில் இன்று இருதயாலீசுவரர் திருக்கோயில் அவர் நினைவைத் தாங்கி நிற்கிறது. நாயனாரின் குருபூசை ஐப்பசி அனுடத்தில் நிகழ்கிறது.

கல்வெட்டில் ஓர் அசரீரி

சேக்கிழார் தம் நூலில் அம்மன்னனைக் காடவர் கோமான் என்று குறித்தாரேயன்றி இராசசிம்மன் என்று பெயர் சுட்டவில்லை. ஆயினும் கயிலாயநாதர் விமானத்தைச் சுற்றி ஓடும் வடமொழிக் கல்வெட்டு வியப்பான செய்தி ஒன்றைத் தருகிறது. முன்னைய யுகங்களில் துஷ்யந்தன் போன்ற அரசர்கள் வானொலியைக் கேட்டனர். நற்குணங்கள் விலகி நிற்கும் இந்தக் கலியுகத்திலும் இம்மன்னன் அவ்வொலியைக் கேட்டான், இஃதென்ன வியப்பு என்பது அதன் கருத்து. அவ்வொலி என்ன கூறியது என்பதை அக்கல்வெட்டு கூறவில்லை.

கல்லில் பொறித்தது 8-ஆம் நூற்றாண்டு. புராணம் பாடியது 12-ஆம் நூற்றாண்டு. கல்வெட்டு அசரீரி என்கிறது. புராணம் கனவு என்கிறது. இரண்டும் ஒரே நிகழ்ச்சியைச் சுட்டுகின்றன என்று ஆய்வாளர் பலர் கருதுவர். காஞ்சி நெசவாளர் சேலையின் உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து, இழை பிரியாதபடி கோர்வையிட்டு இணைப்பர். வரலாறும் புராணமும் இவ்விடத்தில் அவ்வாறே கோர்வையாகியுள்ளன. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளத் தேவையில்லை. பிரித்தெறியவும் மனம் வருவதில்லை.

பகைவன் திருப்பித் தந்த செல்வம்

இராசசிம்மன் மறைந்து சில ஆண்டுகளில் பல்லவ நாட்டின்மீது மீண்டும் போர்மேகம் சூழ்ந்தது. இரண்டாம் நந்திவர்மன் ஆட்சியில், ஏறத்தாழ கி.பி. 740-இல், சளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் புகுந்தான். வாதாபி எரிந்த பகை இரு நாட்டாரும் மறவாதது. வென்ற நகரைச் சூறையாடுவதே அக்காலப் போர்முறை. இராசசிம்மேசுவரத்தின் பண்டாரத்திலோ பொன் குவிந்து கிடந்தது.

ஆனால் நடந்தது வேறு. கோயிலின் முன்மண்டபத் தூணொன்றில் பொறிக்கப்பட்டுள்ள கன்னடக் கல்வெட்டு அதனைக் கூறுகிறது. விக்கிரமாதித்தன் இராசசிம்மேசுவரத்தின் செல்வத்தைக் கண்டு மகிழ்ந்து, அதனைக் கைக்கொள்ளாமல் இறைவனுக்கே திரும்ப அளித்தான் என்பது அச்செய்தி. இவ்வெழுத்தையும் அறத்தையும் அழிப்பவர், இந்நகரத்துக் கடிகையின் மகாசனத்தைக் கொன்றார் அடையும் பாவத்தை அடைவர் என்றும் அது எச்சரிக்கிறது. கடிகை என்பது காஞ்சியில் புகழ்பெற்று விளங்கிய கல்விச்சாலை. கற்றோரைக் கொல்வதே பாவங்களுள் கொடியது என்று வென்ற மன்னனே ஒப்புக்கொண்டது காஞ்சியின் கல்விப் பெருமைக்குச் சான்றாகும்.

அம்மன்னனின் மகன் இரண்டாம் கீர்த்திவர்மன் கி.பி. 757-இல் வெளியிட்ட வக்கலேரிச் செப்பேடும், தன் தந்தை காஞ்சியை அழிக்காமல் விட்டதையும், இராசசிம்மேசுவரம் முதலிய கோயில்களுக்குப் பொன்னைத் திரும்ப அளித்ததையும் உறுதி செய்கிறது. விக்கிரமாதித்தனின் தேவி உலோகமாதேவி, கணவனின் காஞ்சி வெற்றியின் நினைவாகப் பட்டடக்கல்லில் எழுப்பிய விரூபாட்சர் கோயிலில் காஞ்சிக் கயிலாயநாதர் கோயிலின் சாயலை இன்றும் காணலாம். வெல்ல வந்தவனின் உள்ளத்தையே இக்கோயில் வென்றுவிட்டது.

மூடிய கோயில் திறந்த வரலாறு

சோழர் காலத்தில் இக்கோயில் பெரிய திருக்கற்றளி என்று வழங்கப்பட்டது. அக்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் கோயில் நடந்த முறையை நமக்குக் காட்டுகின்றன. காஞ்சியை அடுத்த மேனலூர் போன்ற ஊரார் சண்டேசுவரர் பெயரால் அமைந்த கோயில் பண்டாரத்திலிருந்து கழஞ்சுக் கணக்கில் பொன் பெற்றுக்கொண்டனர். அதற்கு வட்டியாக நாள்தோறும் திருவிளக்கிற்கு எண்ணெய் அளப்பதாக உறுதி கூறினர். முதல் அழியாது, விளக்கும் அணையாது. சந்திரசூரியர் உள்ளவரை அறம் நிலைக்க வேண்டும் என்று நம் முன்னோர் கண்ட வழி இது.

ஆனால் அறமும் காப்பாரின்றி நிலைப்பதில்லை. பகைவனும் தொடாத இக்கோயில், பகைவர் எவரும் வாராத ஒரு காலத்தில் பூட்டப்பட்டது. குலோத்துங்கச் சோழதேவர் காலத்தில் இக்கோயில் மூடப்பட்டு, அதன் நிலங்கள் விற்கப்பட்டன. அதன் திருமடை விளாகமும் சுற்றுப்புறமும் அருகிலுள்ள அநேகதங்காவதக் கோயிலுக்கு மாற்றப்பட்டன. இதனை நமக்குச் சொல்வது இக்கோயிலிலேயே உள்ள, சக ஆண்டு 1286-இல், அதாவது கி.பி. 1364-இல் எழுந்த கல்வெட்டாகும். அநேகதங்காவதமும் சுந்தரர் பாடல் பெற்ற திருத்தலமே. ஒரு சிவாலயத்தின் உடைமை மற்றொரு சிவாலயத்திற்குத்தானே போயிற்று என்று எவரும் அமைதி கொள்ளலாம். எனினும் கயிலாயநாதர் சன்னதியில் விளக்கு எரியவில்லை, பூசை நடக்கவில்லை.

விசயநகர இளவரசர் கம்பண உடையார் சம்புவராயரை வென்று தொண்டை மண்டலத்தை ஆட்சிக்குக் கொண்டுவந்தார். அவருடைய அதிகாரியாகிய கொப்பணங்கள் இக்கோயிலின் நிலையை ஆராய்ந்தார். பழைய அறம் மாறியது முறையன்று என்று கண்டு, கோயிலை மீண்டும் திறக்கவும், அதன் நிலங்களையும் திருமடை விளாகத்தையும் கயிலாயநாதர்க்கே திரும்ப அளிக்கவும் ஆணை பிறப்பித்தார். பூசையும் திருப்பணியும் சந்திரசூரியர் உள்ளவரை நடக்க வேண்டும் என்று கல்லில் வெட்டப்பட்டது. பகைமன்னன் பொன்னைத் திருப்பித் தந்தது ஒருமுறை. ஆணை பிறப்பித்து ஓர் அதிகாரி நிலத்தைத் திருப்பித் தந்தது மறுமுறை.

இத்தகைய சோதனை கயிலாயநாதர்க்கு மட்டும் நேர்ந்ததன்று. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் போர் அச்சத்தால் சின்ன காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாளின் உற்சவத் திருமேனி உடையார்பாளையத்திற்கு எழுந்தருளச் செய்யப்பட்டது. 1710-ஆம் ஆண்டில்தான் பெருமாள் மீண்டும் காஞ்சிக்கு எழுந்தருளினார். கிழக்கில் திருமாலுக்கும், மேற்கில் சிவபெருமானுக்கும், தெய்வமே வந்து காத்ததாக அன்றி, கடமை உணர்ந்த மனிதர் வழியாகவே காவல் கிடைத்தது. இறைவன் அருள் மனிதர் கைகளின் வழியாகச் செயல்படுகிறது என்று கொள்வதே பொருந்தும்.

சுதைக்குள் மறைந்த ஓவியங்கள்

பல்லவர் காலத்தில் இக்கோயில் வண்ணக் கோயிலாக விளங்கியது. சுவரில் மெல்லிய சுதை பூசி, அதன்மீது சிவப்பு, மஞ்சள் முதலிய நிறங்களால் ஓவியம் தீட்டினர். பிற்காலத்தவர் நல்லெண்ணத்தோடுதான் கோயிலுக்கு வெள்ளை அடித்தனர். ஆனால் அதன் அடியில் ஓவியங்கள் மறைந்து, இருப்பதே எவருக்கும் தெரியாமற் போயின. 1931-ஆம் ஆண்டில் புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சுப் பேராசிரியர் சுவோ துப்ரேய் சிறு சன்னதிகளுக்குள் இவ்வோவியங்களின் எச்சங்களைக் கண்டறிந்து உலகிற்கு அறிவித்தார். உமையும் மகனும் உடனிருக்கும் சோமாஸ்கந்தரின் ஓவியம் அவற்றுட் சிறந்தது. ஒரு முகத்தின் பாதி, ஒரு கையின் வளைவு, ஓர் ஆடையின் மடிப்பு என்று எஞ்சியவை சிலவே. எனினும் அஜந்தா ஓவியங்களோடு சேர்த்து எண்ணத்தக்க பழமையும் நளினமும் கொண்ட தமிழக ஓவியம் இது என்பதை அவை உணர்த்துகின்றன.

சிற்பங்களின்மீது பிற்காலத்தில் பூசப்பட்ட சுதையும் பல இடங்களில் மூல வடிவின் நுட்பத்தை மறைத்துள்ளது. அழிக்க வேண்டும் என்னும் எண்ணத்தால் மட்டும் அழிவு நேர்வதில்லை. அறியாமல் செய்யும் திருப்பணியாலும் நேரும் என்பதே இதனால் நாம் பெறும் படிப்பினை.

நம் கடமை

இன்று இத்திருக்கோயில் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பூசைகளும் நடைபெறுகின்றன. மகா சிவராத்திரி நாளில் அடியார்கள் பெருந்திரளாக வந்து வழிபடுகின்றனர்.

சின்ன காஞ்சிபுரத்தில் வரதரைச் சேவித்த அன்பர்கள் நகரின் குறுக்கே மேற்கு நோக்கி வந்து, புத்தேரித் தெரு வழியாக இக்கோயிலை அடையலாம். வழியில் அநேகதங்காவதத்தையும் வணங்கிச் செல்லலாம். ஒரு காலத்தில் நிலம் மாறிய இரு கோயில்களிலும் இன்று விளக்கு எரிவதைக் கண்டு மகிழலாம்.

மணற்கல் மென்மையானது. மழையும் காற்றும் அதனை நாள்தோறும் சிறிது சிறிதாகத் தேய்க்கின்றன. அத்தேய்வைத் தடுக்க நம்மால் இயலாது. மேலும் தேயாமல் காக்க இயலும். சிற்பங்களைத் தொடாமலும், அவற்றின்மீது சாயாமலும், எண்ணெயோ திருநீறோ குங்குமமோ பூசாமலும், சுவரில் பெயர் கீறாமலும் வலம் வருவதே இங்கு நாம் செய்யத்தக்க திருத்தொண்டு. மன்னன் தன் பெயர்கள் 250-ஐ இங்கே பொறித்துச் சென்றான்; அவன் கோயில் கட்டியவன். நாம் நம் பெயரைப் பொறிக்க வேண்டுவதில்லை.

பூசலார்க்கும் பல்லவ மன்னனுக்கும் இடையே இறைவன் முதலில் யார் கோயிலில் புகுந்தார் என்பதை நாம் அறிவோம். அதனால் கற்கோயில் வேண்டா என்று பொருளாகாது. மன்னனின் விழாவை இறைவன் விலக்கவில்லை. மற்றொரு நாளுக்குத் தள்ளிவைக்குமாறே அருளினார். மன்னனும் சினம் கொள்ளாமல், ஏழை அடியாரின் காலில் வீழ்ந்து எழுந்தபின்னரே தன் கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்தான். கற்கோயிலுக்கும் அடித்தளம் அன்பே என்பதை அவன் அன்று உணர்ந்தான். அவ்வன்பு உள்ளவர் இருந்தபோது கோயில் பிழைத்தது, இல்லாதபோது பூட்டப்பட்டது, மீண்டும் ஒருவர் நினைந்தபோது திறக்கப்பட்டது.

பூசலாரின் நெஞ்சக் கோயிலுக்குப் பூட்டும் இல்லை, விற்க நிலமும் இல்லை, மறைக்கச் சுதையும் இல்லை. அத்தகைய கோயிலை நாம் ஒவ்வொருவரும் எழுப்பிக்கொள்ளலாம். கல்லில் எழுந்த கோயிலோ நம் அனைவரின் கைகளிலும் உள்ளது. முன்னதை நினைவாலும் பின்னதைக் கடமையாலும் காத்து, கயிலாயநாதரின் திருவருளைப் பெற்று உய்வோமாக.

திருச்சிற்றம்பலம்.